பத்து வீட்டுக் கோழி

(ஜவளகிரியில் மகளிர் குழுக்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோழி வளர்ப்பு பற்றிப் பேசச் சொன்னீர்கள். கோழி வளர்க்க உங்களுக்குச் சொல்லித்தரும் தகுதி எனக்கில்லை. எந்தப் பெட்டை அடையில் நிலையாக உட்காரும், எது பாதியில் எழுந்து ஓடும், எது தன் முட்டையைத் தானே கொத்திக் குடிக்கும் என்பதெல்லாம் உங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்த அளவுக்கு எந்தப் புத்தகத்துக்கும் தெரியாது. நான் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். கோழியை நாம் வீட்டுக் கணக்கில் வளர்க்கிறோம். ஆனால் அதற்கு வரும் சீக்கு, அதைத் தூக்க வரும் கீரி, விலை பேச வரும் வியாபாரி, ஏற்றிப் போகும் வண்டி எல்லாமே தெருக் கணக்கில்தான் வருகின்றன. எதிரில் நிற்பவை தெருக் கணக்கில் வரும்போது நாம் மட்டும் வீட்டுக் கணக்கில் நின்றால் தோற்றுத்தான் போவோம்.

நாலு கோழிக்கு இவ்வளவு பேச்சா என்று யாராவது சிரிக்கலாம். 2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் மொத்தக் கோழியினம் 85 கோடிக்கு மேல். அதில் கொல்லைப்புறத்தில் வளர்பவை சுமார் 31 கோடியே 70 லட்சம். 2012 கணக்கெடுப்பைவிட இது ஏறத்தாழ 46 சதவீதம் அதிகம். அதே ஏழு ஆண்டில் வணிகப் பண்ணைக் கோழிகள் 5 சதவீதம்கூடக் கூடவில்லை. மாநிலங்களில் தமிழ்நாடுதான் முதலிடம். 12 கோடிக்கு மேல். நாமக்கல் முட்டையையும் பல்லடம் கறிக்கோழியையும் பற்றியே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த நேரத்தில் வாசலில் மேய்கிற கோழி சத்தமில்லாமல் பெருகிவிட்டது.

நம் பக்கத்துக்கு என்று சில நிலவரங்கள் உண்டு. ஒரு புறம் காடு. ஜவளகிரிக் காடு 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தில் சேர்ந்தது. பன்னேர்கட்டாவிலிருந்து யானைகள் இறங்கும் வழி இது. மறுபுறம் ஓசூர்; 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து லேலண்டு, டைட்டன், டிவிஎஸ் என்று ஆலைகள் வளர்ந்து, இப்போது கெலமங்கலம் பக்கத்து டாடா எலக்ட்ரானிக்ஸ்வரை வந்துவிட்டன. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் ஷிப்டுக்குப் போகிறார்கள். போகட்டும், நல்ல சம்பளம். ஆனால் காலையில் கூட்டைத் திறந்துவிட்டு, சாயங்காலம் எண்ணி அடைத்த கை அந்தப் பெண்ணின் கைதான். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் ஆறு மணிக்குக் கூட்டை யார் மூடுவது? ஒரு இரவு மூட மறந்தால் மரநாய் வந்து கணக்கை முடித்துவிடும். இந்தக் கேள்விக்கு வீட்டுக்குள் விடை இல்லை. பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டோடு சேர்ந்து கோழி வளர்ப்பது புதிதில்லை. உங்கள் பெட்டை அடைக்கு உட்கார்ந்திருந்தால், எதிர்வீட்டு அக்கா தன் முட்டை நாலைக் கொண்டுவந்து அதன் அடியில் வைத்துவிட்டுப் போவாள். இருபத்தொரு நாள் கழித்துப் பொரித்தால் ஆளுக்குப் பாதி. கோழி இல்லாத வீட்டுக்கு ஒரு பெட்டையைப் பங்குக்கு விடுவார்கள். வளர்த்தவருக்குக் குஞ்சில் பாதி, கொடுத்தவருக்குத் தாயும் மீதிப் பாதியும். ஆந்திரத்தில் பழைய கிழக்கு கோதாவரி மாவட்டத்து ஆதிவாசி ஊர்களிலும் இந்தப் பங்கு முறை உண்டு. ஆந்த்ரா என்ற கால்நடை மருத்துவர்களின் அமைப்பு அங்கே அசீல் என்ற நாட்டுக்கோழி இனத்தைக் காப்பாற்ற முனைந்தபோது, இலவசமாகக் குஞ்சு கொடுக்காமல் இந்தப் பழைய பங்கு முறையையே பிடித்துக்கொண்டது. ஒருத்திக்குக் கொடுத்த கோழியின் குஞ்சு அடுத்தவளுக்குப் போகும், அவளிடமிருந்து இன்னொருத்திக்கு. இலவசமாக வந்த கோழி குழம்பில் முடிந்துவிடலாம். பங்குக்கு வந்த கோழியை அவ்வளவு சுலபமாக யாரும் அறுக்க மாட்டார்கள். கேட்க இன்னொரு ஆள் இருக்கிறாள்.

சண்டையும் புதிதில்லை. கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டது, என் கோழி உன் வைக்கோல் போரில் முட்டையிட்டது, அந்த முட்டை யாருக்கு என்று நம் ஊர்களில் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் எத்தனையோ. அதற்கும் பெரியவர்கள் வழி வைத்திருந்தார்கள். காலில் கலர் துணி, இறக்கையில் சாயம் என்று வீட்டுக்கொரு அடையாளம். விதைத்த பத்துப் பதினைந்து நாளைக்கு எல்லோரும் கோழியைக் கூடையில் கவிழ்த்துவைப்பது. இன்று அதோடு இன்னொன்றும் சேர வேண்டும். தளி, ஓசூர்ப் பக்கம் ரோஜாவும் காய்கறியும் பயிரிடுகிறோம். பூச்சிமருந்து அடித்த பாத்தியில் மேய்ந்த கோழி பிழைக்காது. மருந்து அடிக்கும் முன் சாயங்காலமே தெருவில் ஒரு குரல் கொடுத்துவிட்டால், நாளைக்கு ஒரு சண்டை குறையும்.

இதெல்லாம் உறவு விஷயம். உயிர் விஷயம் இனிமேல்தான்.

நாட்டுக்கோழியைக் கொத்தாகக் கொல்வது வெள்ளைக் கழிச்சல். டாக்டர்கள் ராணிக்கெட் என்பார்கள்; குமாவுன் மலையில் இருக்கும் அந்த ஊரில் 1920-களின் இறுதியில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். வந்துவிட்டால் மருந்து கிடையாது. தடுப்பூசி போடாத தெருவில் புகுந்தால் அனேகமாகத் துடைத்துவிட்டுத்தான் போகும். தடுப்பதோ சுலபம். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகங்களில் போடுகிறார்கள். பெரும்பாலும் பிப்ரவரியில் இருவார முகாமும் நடத்துகிறார்கள்.

இவ்வளவு சுலபம் என்றால் ஏன் ஆண்டுதோறும் கோழி சாகிறது? காரணம் குப்பியில் இருக்கிறது. ஒரு சிறு குப்பியே நூறு கோழிக்கான மருந்து. அதை ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். உங்கள் வீட்டில் எட்டுக் கோழி. எட்டுக் கோழிக்காக யார் குப்பியை உடைப்பார்கள்? டாக்டர் தயங்குவார், நீங்களும் அலைய மாட்டீர்கள். பத்து வீடு சேர்ந்தால் எண்பது, நூறு கோழி. குப்பி அளவுக்குத் தெரு சரியாக இருக்கிறது. இன்னொன்று: ஒன்பது வீடு போட்டு ஒரு வீடு போடாவிட்டால் அந்த ஒரு வீட்டில் சீக்கு தங்கி, அடுத்துப் பொரிக்கும் குஞ்சுகளுக்காகக் காத்திருக்கும். ஒரு வீடு விலகினால் பத்து வீட்டுக்கும் நஷ்டம் என்கிற காரியங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. இது அதில் ஒன்று.

வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பு 1980-களிலேயே இந்த முடிச்சை அவிழ்த்தது. ஊருக்கு ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கோழிகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன்பே, விடிகாலையில் அவள் வீடு வீடாகப் போய்ப் போடுவாள். கோழிக்கு இவ்வளவு என்று சிறு கூலி வாங்கிக்கொள்வாள். டாக்டரைத் தேடிக் கோழி போகவேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஸ்பிராட்பிரோ என்ற பேராசிரியரின் குழு, வெப்பம் தாங்கும் ஐ-2 என்ற தடுப்பு மருந்து வகையை உருவாக்கியது. மொசாம்பிக், தான்சானியா கிராமங்களில் ஊர்க்காரர்களே அதைச் சொட்டு விடுகிறார்கள். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தீவனம்போலக் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரி வேறெங்கோ இல்லை. நம் மத்திகிரியில் இருக்கிறது. 1824-ல் கும்பெனிப் பட்டாளத்துக் குதிரைகளுக்காகத் தொடங்கிய கால்நடைப் பண்ணையும் அதே மத்திகிரியில். கர்நாடக எல்லை தாண்டினால் ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழிப்பண்ணை, ஹெப்பாளில் கிரிராஜா கோழியை உருவாக்கிய கால்நடைக் கல்லூரி. ஒரு தாலுகா மக்களுக்கு இதைவிடப் பக்கத்தில் அறிவு கிடைக்காது. ஒருவராகப் போய் நின்றால் காத்திருக்கச் சொல்வார்கள். நூறு கோழிக்காரர்களாகப் போனால் நாற்காலி போடுவார்கள்.

இனி வண்டி விஷயம். நான் முக்கியமாகப் பேச நினைத்தது இதைத்தான்.

நம் பக்கத்தில் கோழி எப்படிப் பயணம் போகிறது? இரண்டு காலையும் கட்டி, தலைகீழாக, டிவிஎஸ் வண்டியின் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டு போகிறது. இல்லாவிட்டால் ஒயர் கூடையில் திணித்து, பஸ்ஸில் சீட்டுக்கடியில். 2018-ல் கர்நாடக அரசுப் பஸ் ஒன்றில் இரண்டு கோழிக்கு அரை டிக்கெட் போட்ட செய்தி நாடு முழுவதும் பரவி எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த நடத்துநர்மீது மரியாதைதான். கோழியும் ஒரு பயணி என்று ஒத்துக்கொண்டாரே!

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, விலங்கைத் தேவையில்லாமல் வலிக்கும்படி ஏற்றிப்போவது குற்றம். 1978-ன் விலங்குப் போக்குவரத்து விதிகளில் 2001-ல் கோழிக்கென்றே ஒரு பகுதி சேர்த்தார்கள். வளர்ந்த கோழி என்றால் 115 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 45 உயரமுள்ள பெட்டியில் பன்னிரண்டு. அதற்கு மேல் கூடாது. சாலையில் போகும்போது பெட்டிமேல் பெட்டி அடுக்கக் கூடாது. நேர் வெயில், மழை, எதிர்க்காற்று படக் கூடாது. வெப்பம் 25 டிகிரிக்கு மேலும் 15 டிகிரிக்குக் கீழும் இருக்கும்போது ஏற்றக் கூடாது. தளிப் பக்கம் மார்கழி விடியலில் 15-க்குக் கீழேயும் இறங்கிவிடுவதுண்டு. சித்திரையில் ஒன்பது மணிக்கே 25 தாண்டிவிடும். ஆக, ஏற்றுவதற்கு நேரம் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டால் இது முடியுமா? இரண்டு கோழி விற்கப் போகிறவர் பெட்டி செய்வாரா? மாட்டார். பத்து வீடு சேர்ந்தால் பன்னிரண்டு கோழி சேரும். ஒரு பெட்டி நிறையும். பெட்டி ஒரு தடவை செய்தால் பல வருஷம் உழைக்கும். சந்தைக்குப் போகிற தக்காளி வண்டியிலோ தெரிந்தவர் ஆட்டோவிலோ ஏற்றிவிட்டால், பத்துப் பேர் பத்து முறை பெட்ரோல் போடுவதும் ஒரு நாள் கூலியை விடுவதும் மிச்சம். கூடவே ஒரு தூக்குத் தராசு வாங்கிவிடுங்கள். வாசலுக்கு வருகிற வியாபாரி கோழியைக் கையில் தூக்கிப்பார்த்து ‘ஒன்றேகால் கிலோ தேறும்’ என்பார். அவர் கை எப்போதும் கொஞ்சம் குறைவாகவே தேறும். நாமே எடை போட்டு, பன்னிரண்டு கோழிக்கும் சேர்த்து விலை பேசினால், ஆனேக்கல் வியாபாரியாக இருந்தாலும் பெங்களூரு வியாபாரியாக இருந்தாலும் மரியாதையாகப் பேசுவார்.

வண்டியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சந்தையில் விற்காமல் திரும்பிவரும் கோழி. அன்று முழுக்க ஐம்பது ஊர்க் கோழியோடு நெருங்கி நின்ற கோழி அது. வந்ததும் கூட்டில் விட்டால், வண்டிச் சத்தமில்லாமல் சீக்கும் இறங்கிவிடும். புதிதாக வாங்கியதானாலும் திரும்பி வந்ததானாலும் இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு வீடு தனிக்கூடு கட்ட முடியாது. தெருவுக்கு ஒன்று கட்டலாம். பெட்டியையும் ஒவ்வொரு முறையும் கழுவி, சுண்ணாம்பு போட்டு, வெயிலில் காயவைக்க வேண்டும்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. அது பாசத்தில் வருவது. தெருவில் நாலு கோழி செத்துவிட்டால், மிச்சத்தையாவது காப்பாற்றுவோம் என்று அக்கா ஊருக்கும் மாமியார் ஊருக்கும் அனுப்பிவிடுகிறோம். பார்க்க நன்றாக இருக்கிற அந்தக் கோழிக்குள் சீக்கு இருக்கும். நாம் அனுப்புவது கோழி. அக்காவுக்குப் போய்ச் சேர்வது கழிச்சல். சீக்குத் தெருவிலிருந்து ஒரு கோழியும் வெளியே போகக் கூடாது, ஒன்றும் உள்ளே வரக் கூடாது. செத்ததை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். காட்டோரத்தில் வீசுவதும் தவறு. நரி, நாய், காக்கை தின்று பரப்பும். அந்தக் காட்டில் சாம்பல் காட்டுக்கோழி இருக்கிறது. உங்கள் கோழியின் காலும் தோலும் மஞ்சளாக இருக்கிறதே, அந்த நிறத்துக்கான மரபணு இந்தக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அதுவும் நம் கோழிக்குச் சொந்தம்தான்.

பறவைக் காய்ச்சல் வந்தால் கதையே வேறு. 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் நாட்டிலேயே முதல்முறையாக வந்தது. 2020 மார்ச்சில் நமக்குப் பக்கத்து மைசூருவில் வந்தது. வந்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழிகளை அழித்துவிடுவார்கள். அது யார் கோழி, எத்தனை கோழி என்று பார்ப்பதில்லை. எல்லை ஊர்க்காரர்களான நமக்கு இது இன்னும் சிக்கல். அந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கச் சோதனைச்சாவடி இறுகும். அப்படிப்பட்ட காலத்தில் குறுக்குப் பாதையில் கோழி கடத்துகிறவர் தன் ஊருக்கே பகை. கொத்துக் கொத்தாகக் கோழியோ காக்கையோ செத்தால் மறைக்காமல் அன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிடுங்கள்.

சேர்ந்து செய்வதெல்லாம் மேடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும், நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் அப்போதைய ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கேஸ்லா என்று ஒரு வட்டாரம். நம்மைப் போலவே காட்டோரம். கோண்டு, கோர்க்கு ஆதிவாசிப் பெண்கள். பிரதான் என்ற தொண்டு நிறுவனம் அவர்களோடு 1980-களின் இறுதியிலிருந்து வேலை செய்தது. வளர்த்தது கறிக்கோழி, நாட்டுக்கோழி இல்லை. அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. ஆனால் அமைப்பைப் பாருங்கள். ஒவ்வொரு பெண்ணின் வீட்டை ஒட்டிச் சில நூறு குஞ்சுக்கு ஒரு கொட்டகை. குஞ்சு, தீவனம், தடுப்பு மருந்து எல்லாம் சங்கத்தின் வண்டியில் வாசலுக்கு வரும். வளர்ந்த கோழியைச் சங்கமே எடுத்துப்போய் விற்கும். சந்தையில் விலை விழுந்தால் அந்த அடியைச் சங்கம் தாங்கும். நன்றாக வளர்த்த பெண்ணுக்கு வளர்ப்புக் கூலி நிச்சயம். 2001 வாக்கில் கூட்டுறவுச் சங்கமானது. 2006-ல் அப்படிப்பட்ட சங்கங்கள் சேர்ந்து பெண்களுக்கென்றே ஒரு உற்பத்தியாளர் கம்பெனியாயின. அவர்கள் கோழி ‘சுக்தவா’ என்ற பெயரில் கடைக்கு வந்தது.

நம் மாநிலத்தில் கறிக்கோழிக் கம்பெனிகள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்: குஞ்சு அவர்களுடையது, கொட்டகை நம்முடையது. வித்தியாசம், கேஸ்லாவில் கம்பெனியே வளர்க்கிற பெண்களுடையது. இன்னொரு பக்கம் 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்புக்கு முன்பணம் கட்டியவர்கள் ஏமாந்த கதை எல்லோருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, முன்பணம் கட்டுங்கள், மாதாமாதம் பணம் தருகிறேன் என்றால், அது கோழி வளர்ப்பாக இருக்காது. உங்கள் கூட்டில் காசு போடும் முன், கூட்டாளி எந்தத் தெரு என்று கேளுங்கள்.

நான் கேட்பது கேஸ்லா அளவுக்குப் பெரியதில்லை. ஒரு தெரு, பத்து வீடு, ஐந்து காரியம்.

முதலாவது, ஒரு நோட்டு. யார் வீட்டில் எத்தனை கோழி, எப்போது தடுப்பூசி, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதுங்கள். கணக்கு வாயில் இருந்தால் கசப்பில் முடியும்.

இரண்டாவது, தடுப்பூசிக்கு ஒரு பெண். அவளை மருந்தகத்தில் பழக்கச் சொல்லிக் கேளுங்கள். கோழிக்கு இவ்வளவு என்று கூலி வைத்துவிடுங்கள். ஓசி வேலை ஒரு வருஷம்கூட ஓடாது.

மூன்றாவது, கூடு மூடும் முறை. இன்ன வாரம் இன்ன வீடு என்று ஷிப்டைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பத்து வீட்டுக் கூட்டையும் ஒருவர் பார்த்துவிட்டு வர ஐந்து நிமிஷம்தான் ஆகும்.

நான்காவது, பொதுப் பெட்டியும் தராசும், திரும்பி வரும் கோழிக்குத் தனிக்கூடும். மாதம் இரண்டு நடை வைத்துக்கொண்டால் போதும்.

ஐந்தாவது, சேவல் மாற்று. ஒரே சேவலின் வம்சத்திலேயே சுழன்றால் குஞ்சு நலிந்துபோகும். அடுத்த ஊரோடு மாற்றிக்கொள்ளுங்கள். சேவலைவிட அடை முட்டையாக மாற்றுவது நல்லது. சீக்கு வரும் பயம் குறைவு. ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டையை உமியில் புதைத்துக் கொண்டுவந்து, ஒரு நாள் ஆறவிட்டு அடைக்கு வையுங்கள்.

தகராறு வராது என்று நான் சொல்லவில்லை. பங்குக் கோழி செத்தால் நஷ்டம் யாருக்கு, வண்டியில் ஒன்று செத்தால் யார் தலையில் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். என்னைக் கேட்டால் பத்து வீட்டுக்கும் சமமாகப் போடுங்கள். கோழி வளர்க்காத வீட்டையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் கீரைப் பாத்தி கெட்டால் நாலு முட்டையோடு போய் நில்லுங்கள்.

ஆதரவற்ற பெண்களுக்குப் பாதி மானியத்தில் நாற்பது நாட்டுக்கோழிக் குஞ்சு என்று அரசுத் திட்டம் ஒன்று இருந்தது. ஒன்றியத்துக்கு நூறு பேர். அப்படி வருகிற நாற்பது குஞ்சில் எத்தனை வருஷக் கடைசியில் நிற்கின்றன என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பெண்ணின் உழைப்பு மட்டுமில்லை, அவளுடைய அக்கம்பக்கமும்தான். இந்த ஊரில் தமிழ் வீடு, தெலுங்கு வீடு, கன்னட வீடு, உருது வீடு எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. சீக்கு எந்த வீட்டிலும் மொழி கேட்டு நுழைவதில்லை. தடுப்பூசியும் கேட்க வேண்டாம்.

கூட்டம் கலைவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவிலிருந்து வந்திருக்கிறவர்கள் ஒன்றாக நின்று, பத்து வீட்டின் பெயரையும் கோழி எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு நாளைக்கு மருந்தகத்துக்குப் போங்கள். நூறு கோழி இருக்கிறது, குப்பியை உடையுங்கள் என்று சொல்லுங்கள்.